நியூயார்க் தெருவில் ஆவி பறப்பது எதனால்?

கேள்வி, ஜனவரி 6
நியூயார்க் படம் எதைப் பார்த்தாலும் நடுச்சாலையில் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு குழாய் நின்று வெள்ளையாகக் கக்கிக்கொண்டிருக்கிறது. மேன்ஹோல் மூடிகளைச் சுற்றியும் அப்படியே. கீழே சாக்கடை கொதிக்கிறதா, சுரங்க ரயில் விடும் புகையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு
சாக்கடை கொதிக்கவில்லை. சுரங்க ரயில் மின்சாரத்தில் ஓடுகிறது, அதற்குப் புகையே கிடையாது. நியூயார்க்கின் மையப் பகுதியான மன்ஹாட்டனில் தெருவுக்கு அடியில் நீராவிக் குழாய்கள் போகின்றன. தண்ணீர், மின்சாரம், காஸ் வருகிற மாதிரி அங்கே நீராவியும் கட்டடத்துக்குள் குழாயில் வரும். ஓரிடத்தில் பெரிய பாய்லர்களில் காய்ச்சித் தெருத்தெருவாக அனுப்பி, மீட்டர் வைத்துக் காசு வாங்குகிறார்கள். குழாய்கள் பழசு, அங்கங்கே கசியும். கசிவதுதான் மேலே வருகிறது.

அந்த ஊரில் மூன்று குளிர்காலம் இருந்திருக்கிறேன். வேலைக்குப் போகிற வழியில் அப்படி ஒரு பட்டைக் குழாயைத் தினமும் தாண்டித்தான் போவேன்.

ஜனவரி 7, காலை
நேற்று "கசிவதுதான் மேலே வருகிறது" என்று எழுதியது பாதி தப்பு. தூக்கத்தில் எழுதிவிட்டேன். குழாயில் கசிவும் உண்டுதான். ஆனால் தெருவில் பார்க்கிற வெள்ளையில் பெரும்பகுதி குழாய்க்குள் இருந்து வருவதே இல்லை. மழைத் தண்ணீர், உருகிய பனி, பக்கத்தில் ஒழுகும் குடிநீர்க் குழாய், சாக்கடைத் தண்ணீர் என்று ஏதோ ஒன்று மண்ணுக்குள் இறங்கி நீராவிக் குழாயின் மேல் விழுகிறது. உள்ளே ஓடும் நீராவி 170 டிகிரி செல்சியஸுக்கு மேல். வெளியே சுற்றியிருக்கும் காப்பையும் மீறி அந்தச் சூடு தண்ணீரைத் தொட்டால் அது கொதித்து, கிடைத்த இடுக்கு வழியாக மேலே வரும். அதாவது குழாய் நன்றாகவே இருக்கலாம், தண்ணீர்தான் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது.

இந்த வித்தியாசத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 7, மதியம்
பட்டைக் குழாயைப் பற்றிக் கேட்டது விட்டுப்போனது. அது தற்காலிகப் புகைபோக்கி. மூடியிலிருந்து தரையோடு ஆவி பரவினால் கார் ஓட்டுபவர்களுக்குக் கண் தெரியாது, நடப்பவர்கள் காலைச் சுட்டுக்கொள்ளலாம். அதனால் அதன் மேல் ஒரு குழாயை நட்டு, ஆவியை வண்டிகளுக்கு மேலே தூக்கிவிடுகிறார்கள். கீழே பழுது பார்த்து முடிந்ததும் எடுத்துவிடுவார்கள்.

ஜனவரி 9
யார் ஆரம்பித்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியூயார்க் மாநிலத்திலேயே லாக்போர்ட் என்ற சின்ன ஊர். அங்கே பேர்ட்சில் ஹாலி என்ற பொறியாளர் 1877-ல் ஒரே பாய்லரிலிருந்து தெருவுக்கு அடியில் குழாய் போட்டு அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்கு வெப்பம் கொடுத்தார். அதைப் பார்த்து மன்ஹாட்டனில் ஒரு கம்பெனி தொடங்கி, 1882 மார்ச் 3 அன்று முதல் வாடிக்கையாளருக்கு நீராவி அனுப்பினார்கள். பிராட்வேயில் இருந்த ஒரு வங்கிதான் அந்த முதல் வாடிக்கையாளர். எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் அதே வருஷம் செப்டம்பரில்தான் ஓட ஆரம்பித்தது. எடிசனின் மின்விளக்குக்கு ஆறு மாதம் முன்னாலேயே நீராவி வந்துவிட்டது என்பதை முதலில் படித்தபோது தேதிகளை இரண்டு முறை சரிபார்த்தேன்.

அதுவரை கட்டடத்துக்குக் கட்டடம் கீழ்த்தளத்தில் ஒரு பாய்லர், அதற்கு நிலக்கரி கொண்டுவர ஒரு வண்டி, சாம்பலை அள்ள இன்னொரு வண்டி, கூரையில் ஒரு புகைபோக்கி. தீ விபத்துப் பயம் வேறு. நீராவி குழாயில் வந்ததும் இத்தனையும் ஒரே இடத்துக்கு ஒதுங்கின. எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு இன்றும் இந்தக் குழாயிலிருந்துதான் வெப்பம். இப்போது கான் எடிசன் என்ற மின்சாரக் கம்பெனி இதை நடத்துகிறது. ஏறக்குறைய 105 மைல் நீளக் குழாய், 1,500-க்கு மேற்பட்ட கட்டடங்கள், மன்ஹாட்டனின் தென்முனையிலிருந்து 96-ம் தெரு வரை.

ஜனவரி 10
அந்தக் குழாயோடு எனக்கு நேரடி உறவே உண்டு. முதல் குளிர்காலத்தில் இருந்த அறையில் ஜன்னலுக்குக் கீழே, அறையைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டர். விடியற்காலை நாலு மணிக்கு யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி டங் டங் என்று ஆரம்பிக்கும். பக்கத்து அறைக்காரர்தான் அடிக்கிறார் என்று நினைத்து ஒரு நாள் கதவைத் தட்டிவிட்டேன். அவரும் தூங்காமல்தான் உட்கார்ந்திருந்தார்.

கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட பெரியவர் வந்தார். வால்வைத் தொட்டுப் பார்த்து, "பாதி மூடி வைத்தது யார்?" என்று கேட்டார். நான்தான். அறை ரொம்பச் சுடுகிறதே என்று பாதி மூடியிருந்தேன். ஒரே குழாயில் ஆவி உள்ளே வர வேண்டும், அது குளிர்ந்து ஆகிற தண்ணீர் அதே வழியில் வெளியே போக வேண்டும். பாதி மூடினால் தண்ணீர் வெளியேற முடியாமல் தேங்கும், வருகிற ஆவி அந்தத் தண்ணீரில் போய் மோதும், அதுதான் சத்தம். முழுக்கத் திற, இல்லையென்றால் முழுக்க மூடு என்றார். அப்புறம் வால்வுக்கு எதிர்ப்பக்கத்துக் கால்களுக்கு அடியில் இரண்டு மரச் சில்லுகளைச் செருகினார். ரேடியேட்டர் வால்வுப் பக்கமாக லேசாகச் சாய்ந்தது, தேங்கியிருந்த தண்ணீர் கிளுக் கிளுக்கென்று இறங்கிப்போனது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜனவரி 11
திருத்தம். நான் இருந்தது குயின்ஸ், நியூயார்க்கின் இன்னொரு பகுதி. நகர நீராவிக் குழாய் மன்ஹாட்டனைத் தாண்டுவதில்லை. அந்த ரேடியேட்டருக்கு வந்த ஆவி எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்து பாய்லரில் காய்ச்சியது, தெருக் குழாய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த ஊரில் ரேடியேட்டர் உஸ்ஸென்று சீறுகிற பல வீடுகளிலும் இதே கதைதான். இத்தனை வருஷம் "நகரத்து நீராவி" என்றே பலரிடம் சொல்லிவந்திருக்கிறேன். எழுதும்போதுதான் வரைபடத்தை எடுத்துப் பார்க்கத் தோன்றியது.

சத்தத்துக்குச் சொன்ன காரணம் மாறவில்லை. அதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

ஜனவரி 15
"நீராவி வெள்ளையாக இருக்குமா?" என்று கேட்ட தம்பிக்கு. இருக்காது. நீராவிக்கு நிறமே கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கெட்டிலின் மூக்கை உற்றுப் பார்க்க வேண்டும். மூக்கு நுனிக்கும் வெள்ளை தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு விரல்கடை வெறுமையாக இருக்கும். ஒன்றும் இல்லாத மாதிரி தெரிகிற அந்த இடத்தில்தான் உண்மையான நீராவி இருக்கிறது. விரலை வைத்துவிடாதீர்கள், தோல் உரிந்துவிடும். அதற்கு மேலே தெரிகிற வெள்ளை, காற்றில் குளிர்ந்து மறுபடி தண்ணீரான பொடித் துளிகள்.

பட்டைக் குழாயின் வாயிலும் இதைப் பார்த்தேன். ஒரு குளிர்காலக் காலை, சுற்றிலும் பனி கொட்டிக் கிடந்தது, மேன்ஹோல் மூடியைச் சுற்றி மட்டும் வட்டமாக உருகிக் கறுப்புத் தார் பளபளத்தது. அருகே போனதும் மூக்குக்கண்ணாடி முழுக்க மூடிக்கொண்டது. துடைத்த கைக்குட்டையில் ஈர இரும்பு வாசனை. சட்டைக் கையில் குண்டூசித் தலை அளவுகூட இல்லாத துளிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. பக்கத்தில் நின்ற என் அக்கா மகள், ஐந்து வயது, "மாமா, ரோட்டுக்குக் கீழே யாரு தண்ணி காய வச்சிருக்காங்க?" என்றாள். நான் இங்கே எழுதிய எல்லாவற்றையும்விட அவள் கேள்விதான் விஷயத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

ஜனவரி 16
மேலே எழுதியதிலிருந்து ஒரு நெருடல். தமிழில் ஆவி பறக்கிறது என்கிறோம், கண்ணுக்குத் தெரிவதைத்தான் ஆவி என்கிறோம். உயிருக்கும் மூச்சுக்கும் அதே சொல். குளிர்நாட்டில் வாயைத் திறந்தால் வெள்ளையாக வருகிறதே, அதுவும் இதே பொடித் துளிதான். அந்த வகையில் சொல் சரியாகவே இருக்கிறது. பள்ளிப் புத்தகத்து "நீராவி"யையும் பேச்சு வழக்கு "ஆவி"யையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும்போதுதான் குழப்பம் வருகிறது. இனி இந்த இழையில் குழாய்க்குள் இருப்பதை நீராவி என்றும், தெருவில் தெரிவதை ஆவி என்றும் எழுதுகிறேன்.

ஜனவரி 22
7-ம் தேதி பிறகு எழுதுகிறேன் என்றது இதுதான்.

2007 ஜூலை 18. மாலை ஆறு மணி ஆகப்போகிற நேரம். லெக்சிங்டன் அவென்யூவும் 41-ம் தெருவும் சேரும் இடத்தில், கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தரைக்கு அடியிலிருந்த நீராவிக் குழாய் வெடித்தது. 1924-ல் போட்ட குழாய். சாலையில் பெரும் பள்ளம், நீராவியும் சேறும் கல்லும் பல மாடி உயரத்துக்கு எழும்பின. ஓர் இழுவை வண்டி அந்தப் பள்ளத்துக்குள் விழுந்து, அதை ஓட்டியவர் உடம்பெல்லாம் வெந்துபோனார். ஒரு பெண் மாரடைப்பில் இறந்தார். காயம்பட்டவர்கள் நாற்பது பேருக்கு மேல். வெளியே வந்தவர்களில் பலர் 2001 செப்டம்பர் தாக்குதலை நினைத்துக்கொண்டு ஓடினார்கள்.

குழாய் பழசு, அதனால் வெடித்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விசாரணையில் வெளிவந்தது வேறு. அன்று காலை கனமழை. மழைத் தண்ணீர் குழாயைச் சுற்றித் தேங்கி, குழாயை வெளியிலிருந்து குளிரவைத்தது. உள்ளே நீராவி குளிர்ந்து தண்ணீராகிக் குழாயின் அடியில் சேர்ந்தது. இந்தத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டு நீராவியைத் தடுத்து நிறுத்த ஒரு கருவி உண்டு, ஸ்டீம் ட்ராப் என்பார்கள். முன்பு ஒரு கசிவை அடைக்கச் செலுத்திய பசையின் துணுக்குகள் போய் அதில் அடைத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் போக வழியில்லை. தேங்கிய தண்ணீருக்குள் ஒரு நீராவிக் குமிழ் மாட்டி, நொடியில் குளிர்ந்து சுருங்கிவிட்டது. சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அவ்வளவு இடம் ஒரு நொடியில் காலியானால் சுற்றியுள்ள தண்ணீர் அங்கே பாய்ந்து மோதும். அந்த அடியைக் குழாய் தாங்கவில்லை.

நாலு மணிக்கு என் ரேடியேட்டரில் கேட்ட டங் டங்கும் இதே இனம்தான். என் அறையில் இரண்டு மரச் சில்லுகளோடு முடிந்தது, லெக்சிங்டனில் உயிர் போனது.

தெருவில் ஆவி தெரிந்தால் அதைக் குழாய் ஓட்டை என்று மட்டும் நினைத்து விட்டுவிடக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான். கீழே குழாயின் மேல் தண்ணீர் நிற்கிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. கனமழை முடிந்ததும் பணியாளர்கள் தெருத்தெருவாக ஆவி எங்கே எழுகிறது என்று பார்த்துக்கொண்டு போவதும், குழிக்குள் இறங்கிய தண்ணீரை பம்ப் வைத்து இறைப்பதும் அதனால்தான். அவர்கள் வேலையைச் சுற்றுலாப் படங்களில் யாரும் கவனிப்பதில்லை.

ஜனவரி 23
வேறு வெடிப்புகள் உண்டா என்று ஒருவர் கேட்டதால் இன்னும் இரண்டு. 1989 ஆகஸ்டில் கிராமர்சி பார்க் அருகே வெடித்ததில் மூன்று பேர் இறந்தார்கள், அவர்களில் இருவர் கம்பெனிப் பணியாளர்கள். 2018 ஜூலையில் ஃபிஃப்த் அவென்யூவும் 21-ம் தெருவும் சேரும் இடத்தில் வெடித்தது 1932-ல் போட்ட குழாய். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பழைய குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருப்பார்கள், வெடிக்கும்போது அது சேற்றோடு எங்கும் படியும். 2018-ல் அருகே நின்றவர்களிடம் போட்டிருந்த துணியைப் பையில் கட்டிக் கொடுத்துவிட்டுக் குளிக்கச் சொன்னார்கள்.

பிப்ரவரி 3
"எங்கள் நகரத்தில் நீராவிக் குழாயே கிடையாது, ஆனாலும் குளிர்காலத்தில் மூடிகளிலிருந்து ஆவி வருகிறதே" என்று எழுதியவர் சொல்வது முழுக்கச் சரி. முதல் நாள் சாக்கடையை நான் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டேன், அது அவசரம். கொதிக்கவில்லை என்பது மட்டும்தான் உண்மை. குளித்த தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் சாக்கடையில் வெதுவெதுப்பாகத்தான் ஓடுகின்றன. அதற்கு மேலே நிற்கிற காற்று முழுக்க ஈரம். வெளியே உறைகுளிர் என்றால் மூடியின் துளை வழியாக வருகிற அந்தக் காற்று, வாயிலிருந்து வருகிற மூச்சு மாதிரியே வெளுத்துவிடும். கொதிக்கத் தேவையே இல்லை.

மன்ஹாட்டனில் இரண்டும் கலந்திருக்கின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு. பாரிஸிலும் 1927-லிருந்து நீராவி வழங்குகிறார்கள், ஆனால் அங்கே நீராவி குளிர்ந்து ஆன தண்ணீரைத் திரும்பக் கொண்டுபோகத் தனிக் குழாய் உண்டு. நியூயார்க்கில் வரும் குழாய் மட்டும்தான். வெப்பம் கொடுத்து முடித்த தண்ணீரைக் கட்டடத்திலேயே ஆறவைத்துப் பெரும்பாலும் சாக்கடையில் விட்டுவிடுகிறார்கள். சாக்கடை இன்னும் கொஞ்சம் சூடாகிறது, ஆவி இன்னும் கொஞ்சம் கூடுகிறது. காசு கொடுத்துச் சுத்தப்படுத்திக் காய்ச்சிய தண்ணீர் இப்படிப் போவதை நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது.

பிப்ரவரி 4
ஆவி எது, புகை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருவர் கேட்கிறார். நான் பழகியது இது: ஆவி கொஞ்ச உயரம் போனதும் ஓரம் கிழிந்து காணாமல் போகும், ஏனென்றால் துளிகள் காய்ந்துவிடுகின்றன. புகை காயாது, மெலிந்துகொண்டே தூரம் போகும். பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்து, ரப்பர் கருகுகிற வாடை வந்தால் உடனே விலகி நின்று அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். பனி உருகச் சாலையில் தூவும் உப்பு தண்ணீரோடு கீழே இறங்கி மின்கம்பிகளின் உறையை அரிக்கும், கம்பி கருகிக் குழிக்குள் வாயு சேர்ந்து மூடியே தூக்கி எறியப்படுவதுண்டு.

பிப்ரவரி 11
இழைக்குக் கொஞ்சம் வெளியே போகிறது, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நடைபாதையில் சூடான காற்று வரும் இரும்புக் கம்பி வலைகளின் மேல், குளிர் ராத்திரிகளில், வீடில்லாதவர்கள் அட்டை விரித்துப் படுத்திருப்பார்கள். கதகதப்பு என்று நினைத்துத்தான் நானும் கடந்துபோனேன். ஒரு நாள் அப்படி ஒருவர் எழுந்தபோது கோட்டின் முதுகுப்புறம் முழுக்க நனைந்திருந்ததைப் பார்த்தேன். காற்றோடு வந்த ஈரம் துணியில் படிந்திருக்கிறது. நகர்ந்து நாலு அடி வைத்தால் அந்த ஈரத் துணியோடு உறைகுளிரில் நிற்க வேண்டும். சூடு அதிகமான இடத்தில் அசந்து தூங்கினால் உடம்பு வெந்தும் போகும். அதன் பிறகு எந்தக் கம்பி வலையைப் பார்த்தாலும் அந்த முதுகுதான் ஞாபகம் வரும்.

ஜூலை 19
வெயில் காலத்திலும் ஏன் ஆவி வருகிறது, யாருக்கு அப்போது வெப்பம் வேண்டும் என்று புதிதாக ஒரு கேள்வி. குழாயை வெயில் காலத்தில் மூடுவதில்லை. மருத்துவமனைகள் கருவிகளைச் சுத்திகரிக்கின்றன, சலவையகங்கள் துணி தேய்க்கின்றன, எல்லாக் கட்டடங்களுக்கும் வெந்நீர் வேண்டும். இதைவிட எனக்குப் பிடித்தது குளிர்சாதனம். பெரிய கட்டடங்கள் சில, நீராவியைக் கொண்டே அறைகளைக் குளிரவைக்கின்றன. லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசல் தண்ணீர் ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்ச உறிஞ்சத் தண்ணீர் மேலும் ஆவியாகி அந்த இடம் குளிரும். ஈரமான கரைசலை நீராவியால் சூடாக்கினால் உறிஞ்சிய தண்ணீர் பிரிந்து கரைசல் மறுபடி தயாராகும். சுடுகிற பொருளை வைத்துக் குளிர வைப்பதை யார் முதலில் யோசித்தார்களோ, கும்பிடத் தோன்றுகிறது.

வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் மழை விழுந்ததும் எழுகிற ஆவி வேறு கணக்கு. அதற்குக் குழாயே வேண்டாம், சாலையின் சூடு போதும். மழை காற்றைக் குளிரவைத்திருப்பதால் சாலையிலிருந்து எழுந்த ஈரம் முழங்கால் உயரத்திலேயே வெளுத்துவிடுகிறது.

அக்டோபர் 27
போன வாரம் வேலையாக மறுபடி அந்த ஊர் போனேன். ராத்திரி முழுக்க மழை. காலையில் பழைய வழியிலேயே நடந்தேன். முன்பு பார்த்த இடத்தில் இல்லை, இரண்டு தெரு தள்ளி ஒரு பட்டைக் குழாய் நின்றது. வாயிலிருந்து நெருக்கமாக ஆவி. பக்கத்து மேன்ஹோலைத் திறந்து சுற்றித் தடுப்பு வைத்திருந்தார்கள், இரண்டு பேர், முழங்கை வரை கையுறை. குழிக்குள்ளிருந்து தடித்த ஹோஸ் ஒன்று வெளியே வந்து சாலையோர வடிகால் வரை நீண்டிருந்தது. பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. ஹோஸிலிருந்து கொட்டிய தண்ணீரிலும் லேசாக ஆவி.

மழைத் தண்ணீரா என்று கேட்டேன். மூத்தவர் தலையாட்டிவிட்டு, ஒரு கையை மட்டமாகப் பிடித்து அதன் மேல் மறு கையை வைத்துக் காட்டினார். குழாய், அதற்கு மேல் தண்ணீர். பிறகு தடுப்புக்கு வெளியே போய் நில் என்று சைகை காட்டினார். எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அரை மணி நேரம் இருக்கும். ஹோஸில் தண்ணீர் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது, பட்டைக் குழாயின் வாயில் வெள்ளை மெலிந்துகொண்டே வந்து, எதிரே இருந்த கடையின் பலகை அதன் வழியாகத் தெரிந்தது. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. இளையவர் பம்பை நிறுத்திவிட்டு ஹோஸைச் சுருட்டத் தொடங்கினார்.